இருவாச்சி இரவல் கொடுத்த குரல்

ஒரு காட்டில், ஓடைக்கரையில் நின்ற வயதான வெண்நாங்கு மரத்தின் பொந்துக்குள், பொன்மூக்கி என்ற இருவாச்சிப் பறவை தன்னைத் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் அவளைச் சிறை வைக்கவில்லை, பிள்ளைகளே. இருவாச்சிகளின் வழக்கமே அதுதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை பொந்துக்குள் போய்விடும். ஆண்பறவை ஈரமண் கொண்டுவந்து கொடுக்க, வாசலைப் பூசி மூடிவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு கீறல் மட்டும் விடுவார்கள். உள்ளே போனவளுக்குச் சிறகிலும் வாலிலும் உள்ள இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சும் கொஞ்சம் வளரும்வரை அவள் பறக்க முடியாது. வெளியே இருப்பவன் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அவன் வராவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் பிழைக்காது.

பொன்மூக்கியின் கணவன் பெயர் பெருஞ்சிறகன். பெயருக்கு ஏற்ற சிறகு அவனுக்கு. அவன் மலைமுகட்டைத் தாண்டும்போதே ‘வூஷ், வூஷ்’ என்று சிறகடிக்கும் சத்தம் பொந்துவரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பொன்மூக்கி கீறலுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்துவிடுவாள்.

பழங்களைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கீறல் வழியே ஊட்டுவான். சும்மா ஊட்டமாட்டான். ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சேதி சொல்வான்.

“இது ஓடைக்கரை அத்தி. தண்ணி அந்த மரத்தோட வேரைத் தொட்டுடுச்சு.”

“அப்ப மேல மழையா?”

“நேத்தே பிடிச்சிருச்சு. இந்தா, இது பாறை மேட்டு இச்சி. அங்க யானைங்க வந்திருக்கு, ஒரு குட்டியோட.”

“குட்டி நடக்குதா?”

“நடக்குது, விழுது. எந்திரிச்சு மறுபடி நடக்குது.”

பொன்மூக்கி சிரிப்பாள். இருட்டுக்குள் உட்கார்ந்தபடியே அவள் காடு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள்.

இருவருக்கும் ஒரு துக்கமும் இருந்தது. போன வருடம் ஒன்பது நாள் விடாமல் மழை கொட்டியது. பெருஞ்சிறகனால் பறக்க முடியவில்லை. பறந்த நாளிலும் பழம் கிடைக்கவில்லை. பொந்துக்குள் இருந்த குஞ்சு பத்தாம் நாள் காலையில் வாய் திறக்கவில்லை. கண்கூட விழிக்காத அந்தக் குஞ்சுக்கு அவர்கள் ‘துளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் காட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இந்த வருடம் பெருஞ்சிறகனுக்கு மேகத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது. ஒருநாள் அவன் அத்தி மரத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அடியில் ஒரு நரி வந்து நின்றது. அந்த நரிக்கு மூளை நிறைய உண்டு. உடம்புதான் வணங்காது.

“அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை நடை பறக்கிறீங்க?”

“பத்து, பன்னெண்டு இருக்கும்.”

“இன்னுமா இப்படி? ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் காட்டுல இந்தப் பழக்கமெல்லாம் போயே போச்சு. அங்க இப்போ பார்சல்தான். வேளா வேளைக்கு அணில் கொண்டு வந்து பொந்து வாசல்ல வச்சிடும்.”

“மழை பெய்ஞ்சா?”

நரி அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தது.

“அணில் கிளை வழியா ஓடுது. மழை அதை என்ன பண்ணும்? நான் அறுபது மலையணிலைச் சேத்து வச்சிருக்கேன் அண்ணே. இடியே விழுந்தாலும் பார்சல் நிக்காது.”

பெருஞ்சிறகன் மறுபடி வானத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான். “பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?”

“பெரிசா ஒண்ணும் இல்ல. எந்த மரம் எங்க நிக்குது, எப்போ பழுக்கும்? அதை மட்டும் சொல்லுங்க. பத்து நாள் என்கூட உக்காந்தா போதும். உங்க தலைக்குள்ள சும்மாதானே கிடக்கு.”

பெருஞ்சிறகன் பொந்துக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான்.

“சாப்பாடு வந்துடும், சரி. நீங்க வர மாட்டீங்களா?” என்று கேட்டாள் பொன்மூக்கி.

“பத்தே நாள். போன வருஷம் மாதிரி ஆகிடக் கூடாது.”

போன வருடம் என்றதும் அவள் மேலே தடுக்கவில்லை. அவளுக்குக் கீழே அப்போது ஒரு முட்டை இருந்தது.

மறுநாள் முதல் நரியின் தொழில் தொடங்கியது. காட்டின் நடுவே ஒரு பெரிய தட்டைப் பாறை. பெருஞ்சிறகன் சொல்லச் சொல்ல, நரி மரத்துக்கு ஒரு கூழாங்கல்லாக அந்தப் பாறையில் வைத்தது. காயாக இருந்தால் கல்லின்மேல் பச்சை இலை. பழுத்துவிட்டால் செம்மண் பொட்டு. எங்கோ மலைக்குப் பின்னால் நிற்கும் மரம் இன்றைக்குப் பழுத்திருக்கிறது என்று இங்கே உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். குரங்குகளும் மான்களும் வேலை வெட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தன.

பொந்து வாசலில் முதல் பார்சல் வந்தது. தேக்கிலையில் மடித்த ஐம்பது அத்திப்பழம். அணில் அதைக் கீறலுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளியது.

“தம்பி, இது எந்த மரத்துப் பழம்?” என்று கேட்டாள் பொன்மூக்கி.

“தெரியலக்கா. எந்தக் கல்லைக் காட்டுறாங்களோ அந்தத் திசையில ஓடுவேன்.”

“வெளியே மழையா?”

அணில் அதற்குள் அடுத்த பார்சலுக்கு ஓடிவிட்டது. பொன்மூக்கி பழத்தைத் தின்றாள். நல்ல பழம்தான். ஆனால் பெருஞ்சிறகன் தொண்டையிலிருந்து வரும் பழத்தில் ஒரு சூடு இருக்கும். இது ஜில்லென்று இருந்தது.

பத்து நாள் முடிந்தது. அவன் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். முதல் காரணம், இன்னும் நிறைய மரங்கள் மிச்சம் இருந்தன. இரண்டாவது காரணத்தை அவன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான். பாறையில் அவன் பேச்சைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ மிருகங்கள் வந்தன. கரடிகூட “ஐயா” என்று கூப்பிட்டது. வாழ்நாளெல்லாம் பழம் சுமந்தவனை முதல்முறையாக எல்லோரும் அறிவாளி என்றார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடும் வந்ததால் தொந்தியும் போட்டது.

மனைவி நினைவு வராமல் இல்லை. சாயங்காலம் ஆனால் மனம் ஓடைப் பக்கம் போய்விடும். “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரேன்” என்று எழுந்திருப்பான்.

“போங்க அண்ணே, யாரு தடுத்தா?” என்று நரி வழிவிடும். “ஆனா ஒண்ணு, நீங்க நடுவுல போனா நாளைக்குப் பாதிக் கல்லு தப்பாகிடும். அணில் பழுக்காத மரத்துக்கு ஓடும். அப்புறம் அண்ணிக்கே பார்சல் லேட்டாகும்.”

அவன் மறுபடி உட்கார்ந்துவிடுவான்.

இப்படியே நாற்பது நாள் போனது. பொந்துக்குள் முட்டை பொரிந்தது. அதைச் சொல்ல பொன்மூக்கிக்கு ஆள் இல்லை. அணிலிடம் சொன்னாள். “அவர்கிட்ட சொல்லு தம்பி. குஞ்சு வந்துடுச்சுன்னு சொல்லு.”

“நான் பார்சல் மட்டும்தான்க்கா. சேதி கொண்டுபோறது என் வேலையில வராது.”

அதன்பிறகு அவள் குஞ்சுக்கு மட்டும் ஊட்டினாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காது மட்டும் நாள் முழுக்க மலைமுகட்டின் பக்கமே இருந்தது. கழுகு பறந்தாலும், காற்று கிளையை அசைத்தாலும் கீறலுக்கு ஓடி வந்தாள். அவள் அவனுக்காக ஏங்கினாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாதிப் பழம் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்து நரி யோசித்தது. பார்சல் திரும்பி வந்தால் தொழிலுக்குக் கெட்ட பெயர். விஷயம் பெருஞ்சிறகன் காதுக்கும் எட்டியது. அவன் சிறகை விரித்தான்.

“இருங்க அண்ணே,” என்றது நரி. “அண்ணிக்கு என்ன வேணும்? உங்க குரல்தானே. அதை மட்டும் அனுப்பிட்டா? நீங்க இங்க, உங்க குரல் அங்க. ரெண்டு வேலையும் நடக்கும்.”

அப்படித்தான் கரிச்சான் வந்து சேர்ந்தான். வாலில் இரண்டு நீளக் கம்பிகள் ஆட, எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சாகத் திருப்பிச் சொல்லும் பறவை அவன். சொல்வதில் அவனுக்குப் பெருமை உண்டு. யாரிடம் சொல்கிறோம், எதற்குச் சொல்கிறோம் என்று யோசிக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

ஏழு நாள் அவன் பெருஞ்சிறகன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தான். கூப்பிடும் கூவல், சிரிப்பு, இருமல், பழத்துக்குப் பழம் சொல்லும் சேதி, எல்லாம் ஏறிவிட்டது.

“இன்னும் ஒண்ணு வேணும் அண்ணே,” என்றான் கரிச்சான். “அவங்க சந்தேகப்பட்டா என்ன பண்றது? உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது சொல்லிக் குடுங்க.”

பெருஞ்சிறகன் தயங்கினான். ‘அவளுக்காகத்தானே’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு துளியின் பெயரைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை பொந்துக்கு வெளியே அந்தக் குரல் கேட்டது.

“பொன்மூக்கி, இது ஓடைக்கரை அத்தி. தண்ணி மரத்தோட வேரைத் தொட்டுடுச்சு.”

அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “வந்துட்டீங்களா? ஏங்க, குஞ்சு பொரிஞ்சிருச்சு. கேக்குதா? துளி மாதிரியே மெல்லிசாக் கத்துது.”

“நம்ம துளியை நான் மறக்கவே இல்ல,” என்றது குரல். “இந்தா, இது பாறை மேட்டு இச்சி. அங்க யானைங்க வந்திருக்கு.”

பொன்மூக்கி அப்படியே நின்றாள். குஞ்சு பொரிந்திருக்கிறது என்று சொன்னால், அவன் யானையைப் பற்றிப் பேசமாட்டான். மூச்சு வாங்கவில்லை. வந்து இறங்கிய சிறகுச் சத்தமும் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் அதே நேரத்தில் அவள் கீறலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள். கரிச்சான் சொல்லி முடித்துக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

“நீ யாருன்னு எனக்குத் தெரியும் கரிச்சான்.”

கரிச்சான் திகைத்தான்.

“பரவாயில்ல. அந்த யானைக்குட்டி விழுந்து எந்திரிச்சதை இன்னொரு தடவை சொல்லிட்டுப் போ.”

அவன் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இல்லாதவனின் குரலாவது இருக்கிறதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். தினமும் கேட்டாள்.

இதற்குள் நரிக்கு வேறு யோசனை வந்திருந்தது. கையில் ஒரு நல்ல குரல் இருக்கிறது. ஒரு பொந்துக்கு மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்? குரல் வேண்டுவோருக்கு வாடகைக்கு விடப்படும் என்று, பெருஞ்சிறகனுக்குத் தெரியாமல், காடு முழுக்கச் சொல்லி அனுப்பியது. முதலில் வந்தது ஒரு மரநாய்.

“உனக்கு எதுக்குப்பா இருவாச்சிக் குரல்?” என்று நரி கேட்கவே இல்லை. அது தொழில் செய்பவர் கேட்கும் கேள்வி இல்லை என்பது அதன் எண்ணம்.

அன்று அந்தி சாயும் நேரம். பொந்துக்கு வெளியே கரிச்சான் பேசினான். அவனுக்குப் புதிதாக ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“பொன்மூக்கி, இது கரிச்சான் இல்ல. நானே வந்திருக்கேன். அலகை நீட்டு.”

அவள் எத்தனை புத்திசாலி என்று பார்த்தீர்கள். முதல் நாளே கண்டுபிடித்தவள். ஆனால் ‘நானே வந்திருக்கேன்’ என்ற சொல்லுக்காக அவள் ஐம்பது நாளாகக் காத்திருந்தாள். அலகை நீட்டிவிட்டாள்.

பொந்தின் வாசலில் தொற்றிக்கொண்டிருந்த மரநாய் சட்டென்று கவ்வியது. அவள் உதறினாள். உள்ளே குஞ்சு அலறியது. முழு பலத்தோடு பின்னுக்கு இழுத்ததில் அலகின் நுனி உடைந்தது, உயிர் மிஞ்சியது. மரநாய் ஏமாந்து இறங்கிப் போனது. கரிச்சானும் பயந்து பறந்தோடினான். அதன்பிறகு நரி எவ்வளவு கூப்பிட்டும் அவன் பாறைப் பக்கம் போகவில்லை.

பொன்மூக்கி பொந்துக்குள் இருந்த ஈரத்தையும் எச்சத்தையும் குழைத்துக் கீறலைப் பூசினாள். ஒரு புல் நுழையும் அளவுக்குத்தான் இடம் விட்டாள். அணில் வந்து தட்டினாலும் திறக்கவில்லை. பொந்துக்குள் சிந்திக் கிடந்த பழங்களைப் பொறுக்கிக் குஞ்சுக்குக் கொடுத்தாள். இரண்டு நாளில் அதுவும் தீர்ந்தது.

அதே இரண்டாம் நாள், பாறையில் நரி கடைசிக் கல்லை வைத்தது.

“முடிஞ்சுது அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாறைக்கு வந்தாச்சு. இனிமே நீங்க வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம்.”

பெருஞ்சிறகன் சந்தோஷமாக எழுந்தான். “பார்சல் வழக்கம்போல வரும்தானே?”

“ஓடைப் பக்கம் நிறுத்தியாச்சு அண்ணே. ஒரே ஒரு பொந்துக்காக அவ்வளவு தூரம் அணிலை அனுப்பினா கட்டுப்படியாகாது.”

“என்ன சொல்ற? குஞ்சு இருக்குமே இப்போ.”

“நீங்க இருக்கீங்களே, பறந்து கொண்டுபோங்க,” என்றது நரி. அதன் கண் ஏற்கெனவே வேறு கல்லின்மேல் இருந்தது.

பெருஞ்சிறகன் பறந்தான். இரண்டு மாதம் உட்கார்ந்தே கிடந்த சிறகு கனத்தது. வழியில் ஓடைக்கரை அத்தியில் இறங்கினான். ஒரு பழம் இல்லை. பாறை மேட்டு இச்சியிலும் இல்லை. அவன் சொல்லிக் கொடுத்த மரங்கள் எல்லாவற்றையும் அணில்கள் துடைத்து வைத்திருந்தன. வெறுந்தொண்டையோடு பொந்துக்கு வந்து சேர்ந்தான்.

கீறல் மூடிக் கிடந்தது.

“பொன்மூக்கி, நான்தான். வந்துட்டேன்.”

உள்ளே குஞ்சு மட்டும் பலவீனமாகக் கத்தியது.

“திற பொன்மூக்கி.”

“குரல் நல்லாத்தான் இருக்கு,” என்று உள்ளிருந்து பதில் வந்தது. “போயிடு கரிச்சான். இனிமே என்னால முடியாது.”

“கரிச்சான் இல்ல. சத்தியமா நான்தான்.”

“போன தடவையும் அப்படித்தான் சொன்ன. என் அலகு போச்சு.”

அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று மெல்லப் புரிந்தது. எதைச் சொன்னால் நம்புவாள் என்று தேடினான். முதல் வருடம் இந்தப் பொந்தைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னான். “அது தெரியும், கரிச்சான் சொல்லியிருக்கான்” என்றாள். அவளுக்குப் பிடித்த மரத்தைச் சொன்னான். “எல்லா மரமும் பாறையில கல்லா இருக்காமே, அணில் சொல்லிச்சு” என்றாள்.

கடைசியில் அவன் குரல் உடைந்து சொன்னான். “நம்ம துளி. அந்தப் பேரு நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்?”



“அந்தப் பேரைத்தான் அவன் முதல் நாளே சொன்னான்,” என்றாள் பொன்மூக்கி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

பெருஞ்சிறகனிடம் அவனுக்கென்று எதுவும் மிச்சம் இல்லை. தெரிந்ததை எல்லாம் பாறைக்குக் கொடுத்துவிட்டான். குரலைக் கரிச்சானுக்குக் கொடுத்துவிட்டான். துளியையும் கொடுத்துவிட்டான். வந்திருப்பது தான்தான் என்று சொல்ல அவனிடம் ஒரு சொல்கூட இல்லை.

அவன் பேசுவதை நிறுத்தினான். சிறகை விரித்துப் பறந்தான்.

தெரிந்த மரங்களில் பழம் இல்லை. ஆகவே தெரியாத மரத்தைத் தேடிப் போனான். முதல் மலையைத் தாண்டினான், இரண்டாவது மலையைத் தாண்டினான். மூன்றாவது மலையின் மறுபக்கம், செங்குத்தான சரிவில், அவன் வாழ்நாளில் பார்க்காத ஓர் அத்தி கிளை கொள்ளாமல் பழுத்து நின்றது. தொண்டை நிறைய எடுத்துக்கொண்டு திரும்பினான்.

பொந்தின் முன் உட்கார்ந்து, ஒரு பழத்தை அலகின் நுனியில் பிடித்தபடி காத்திருந்தான். கீறல் திறக்கவில்லை. பழத்தைக் கிளைமுட்டில் வைத்தான். அது உருண்டு கீழே விழுந்தது. மற்றப் பழங்களும் அப்படியே போயின. அவன் மறுபடி மூன்று மலை தாண்டிப் போனான்.

உள்ளே பொன்மூக்கி கேட்டுக்கொண்டிருந்தாள். ‘வூஷ், வூஷ்.’ சிறகுச் சத்தம். அவள் கீறல் பக்கம் நகர்ந்தாள். ‘கரிச்சான் இதையும் படித்துவிட்டான்’ என்று தன்னை அடக்கிக்கொண்டாள். சத்தம் வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. வெளியே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழம் விழும் சத்தம் மட்டும் அடியில் கேட்டது.

மத்தியானம் மழை பிடித்தது. ஒன்பது நாள் பெய்த அந்த மழையைப் போலவே கனமான மழை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நினைத்தாள். குஞ்சு கத்துவதையும் நிறுத்திவிட்டது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மழைக்குள் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

ஆனால் இப்போது அது மாறியிருந்தது. ‘வூஷ்’ என்ற பிறகு ஓர் இடைவெளி. பிறகு தள்ளாடி இன்னொரு ‘வூஷ்’. ஒரு சிறகு நனைந்து கனத்து, மற்றதைவிடப் பிந்தி அடித்தது. வந்தவன் கிளையில் இறங்கத் தெரியாமல் இறங்கினான். நகம் வழுக்கிப் பட்டை உரிந்தது. பொத்தென்று மோதி, எழுந்து நின்று, இரைக்க இரைக்க மூச்சு வாங்கினான்.

பொன்மூக்கி தலையை நிமிர்த்தினாள். இத்தனை நாளும் அவள் கேட்ட குரல் ஒருநாளும் களைத்ததில்லை. காலையில் எப்படியோ சாயங்காலமும் அப்படியே இருந்தது. படித்துவிட்டுச் சொல்பவனுக்கு மூச்சு வாங்காது. இது மூன்று நான்கு முறை போய் வந்து, இனிமேல் முடியாது என்றான பிறகும் வந்தவனின் மூச்சு.

உடைந்த அலகால் அவள் பூச்சைக் கொத்தினாள். வலித்தது. கொத்தினாள். மண் பெயர்ந்து விழுந்தது. கீறல் வழியே வெளிச்சமும் மழைச் சாரலும் உள்ளே வந்தன.

வெளியே பெருஞ்சிறகன் தொப்பலாக நனைந்து, பழத்தை அலகில் பிடித்தபடி நின்றான். அவளுடைய உடைந்த அலகைப் பார்த்தான். அவன் கண் நிறைந்தது. பழத்தை நீட்டினான்.

பழம் சூடாக இருந்தது.

அதை அவள் குஞ்சுக்கு ஊட்டினாள். குஞ்சு முதலில் விழுங்கவில்லை. பிறகு விழுங்கியது. அடுத்ததையும் குஞ்சுக்கே கொடுத்தாள். அதற்கு அடுத்ததைக் கொடுத்ததும் அது இன்னும் வேண்டும் என்று கத்தியது. அதன்பிறகு ஒன்றைத் தான் தின்றாள். இதுவரை தின்றறியாத ருசி.

“என்னை மன்னிச்சுடு,” என்றான் பெருஞ்சிறகன்.

“மன்னிக்கிறதைப் பிறகு பார்ப்போம்,” என்றாள் பொன்மூக்கி. “இது எந்த மரம்?”

பெருஞ்சிறகன் சொல்ல வாயெடுத்தான். மேல் கிளையில் இலை அசைந்தது. மழைக்கு ஒதுங்கிய கரிச்சான், பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பெருஞ்சிறகன் அலகை மூடிக்கொண்டான். கீறலுக்கு மிக அருகில் வந்து, அலகோடு அலகு படும்படி தன் அலகை உள்ளே நுழைத்து, அது எந்த மரம் என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

நீதி: நம் குரலையும் அறிவையும் பிறர் சுமந்து செல்லலாம், நமக்காகக் காத்திருப்பவரிடம் நாமேதான் போய்ச் சேர வேண்டும்.